கல்லில் ஏறிய பெயர்

ஓரிசியா டெம்கிவுக்கு அறுபத்தாறு வயது. முப்பத்தோரு வருடமாகக் கனடாவின் தண்டர் பேயில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். குளிர் மைனஸ் முப்பதைத் தொடும் காலைகளில் மற்ற டிரைவர்கள் "வண்டி ஸ்டார்ட் ஆகல" என்று போன் போட்டுச் சொல்லிவிட்டுப் போர்வைக்குள் சுருண்டுகொள்வார்கள். ஓரிசியாவின் வண்டி ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. முந்தின சாயங்காலமே எஞ்சின் ஹீட்டரின் வயரைச் சொருகிவிட்டு, இரண்டு தடவை திரும்பிப் போய்ச் சரிபார்க்கிற ஆள் அவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "தினம் நாப்பத்தெட்டு பிள்ளைங்களை ஏத்தி இறக்கறேன், போதாதா?" என்பாள்.

டெப்போவில் அவளுக்கு ஒரே சிநேகிதி போகுஷா. போலந்துக்காரி, அவளைவிட மூன்று வயது இளையவள், அதே வேலை. காலை டிரிப் முடிந்ததும் இருவரும் டெப்போ ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடிப்பது இருபத்திரண்டு வருடப் பழக்கம். சண்டை இல்லாமல் அந்தக் காபி இறங்காது. உருளைக்கிழங்கை மாவுக்குள் வைத்து அவிக்கிற பெரோகி போலந்துக்காரர்களுடையதா, ஓரிசியாவின் உக்ரேனியர்களுடையதா என்பதுதான் நிரந்தரச் சண்டை.

"எங்ககிட்டேருந்து நீங்க திருடினதுடி அது," என்பாள் போகுஷா.

"திருடினாலும் ஒழுங்கா செய்யக் கத்துக்கிட்டோம்ல. போன வாரம் நீ குடுத்ததைக் கடிச்சு என் பல்லு ஆடுது."

ஓரிசியாவின் அப்பா ஒமெலியன் இறந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. அம்மா அதற்கும் முன்பே போய்விட்டாள். அப்பாவுக்குத் துறைமுகத்துத் தானியக் கிடங்கில் வேலை. வீடு திரும்பும்போது புருவத்தில்கூடக் கோதுமைத் தூசி படிந்திருக்கும். அதிகம் பேசமாட்டார். ஆனால் பாடுவார். கண்ணாடிக் கோப்பையை விரலால் சுண்டியதுபோல அப்படியொரு மேல் ஸ்தாயிக் குரல். வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டே அவர் பாடும்போது, பக்கத்து வீட்டு ஃபின்லாந்துக்காரர் அந்தக் குளிரிலும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வார்.

உக்ரேனியப் பழைய வீரர்கள் சங்கத்துப் பாடகர் குழுவில் அப்பா நாற்பத்தைந்து வருடம் பாடினார். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீலக் கோட்டில் சிங்கம் போட்ட பேட்ஜைக் குத்திக்கொண்டு, சர்ச் கல்லறைத் தோட்டத்திலிருந்த நினைவுக்கல் முன்னால் குழுவோடு நிற்பார். 1978-ல் நட்ட கருங்கல் அது. 'கலிசியா டிவிஷன்' என்ற தலைப்பின் கீழ் இந்த ஊருக்கு வந்து சேர்ந்த இருபத்துமூன்று பேருடைய பெயர்கள். எட்டாவது ஒமெலியன் டெம்கிவ். உக்ரேனியர்களைச் சேர்த்து அமைத்த அந்த டிவிஷன் ஹிட்லரின் எஸ்.எஸ். படையைச் சேர்ந்தது என்று கல்லில் எழுதியிருக்கவில்லை. வீட்டிலும் யாரும் சொன்னதில்லை. "ரஷ்யாக்காரனை எதிர்த்துச் சண்டை போட்டவங்க," அவ்வளவுதான் பேச்சு. கல்லுக்கு மலர்வளையம் வைப்பது ஓரிசியாவுக்கு இருபது வயசிலிருந்து ஈஸ்டர் முட்டைக்கு வர்ணம் தீட்டுவதுபோல ஒரு வழக்கம்.

அப்பா சண்டைக் கதை சொன்னதே இல்லை. சங்கத்தில் மற்றவர்கள் ஆரம்பித்தால், டீ போடப்போகிறேன் என்று எழுந்துவிடுவார். ஒருமுறை ஊர்ச் சந்தையில் மிரண்டுபோன ஒரு பெரிய பன்றி அடைப்பை உடைத்துக்கொண்டு ஓடியது. ஆட்கள் சிதறினார்கள். அப்பா மட்டும் நிதானமாக அதன் பக்கத்தில் போய்க் காதுக்குப் பின்னால் சொறிந்து ஏதோ முனகினார். பன்றி தொப்பென்று படுத்துவிட்டது. ஒன்பது வயது ஓரிசியாவுக்கு வாய் பிளந்துவிட்டது.

"எங்க கத்துக்கிட்டீங்கப்பா இதை?"

"பட்டாளத்துல எல்லாம் சொல்லிக் குடுப்பாங்க," என்றார் அப்பா.

கல்லைப் பற்றிய தகராறு ஒரு ஜனவரியில் தொடங்கியது. கல்லூரியில் வரலாறு கற்பிக்கும் ஒரு பெண்மணி அந்த டிவிஷன் எதன் கீழ் இருந்தது, அதன்மேல் என்னென்ன குற்றச்சாட்டுகள் உண்டு என்றெல்லாம் ஊர்ப் பத்திரிகையில் எழுதினார். கட்டுரையோடு கல்லின் படமும் வந்தது. இருபத்துமூன்று பெயரும் தெளிவாகப் படிக்கிற மாதிரி. யூதர் சங்கமும் போலந்துக்காரர் சங்கமும் கல்லை எடுக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தன. சர்ச்சில் பாதிப் பேர் இது மாஸ்கோ கிளப்பிவிடுகிற புரளி என்றார்கள். மீதிப் பேர் தரையைப் பார்த்தார்கள்.

கட்டுரை வந்த அன்று காலை ஓரிசியா இரண்டு காபியோடும், இளஞ்சிவப்பு ஐசிங் தடவிய இரண்டு பெர்ஷியன் பன்னோடும் ஹீட்டர் பக்கத்தில் காத்திருந்தாள். போகுஷா வந்தாள். கையில் பத்திரிகை. உட்காரவில்லை.

"டெம்கிவ்னு இருக்கே. அது உங்கப்பாவா?"

"ஆமா."

போகுஷா தலையை ஆட்டினாள், ஏதோ விலாசத்தைச் சரிபார்த்துக்கொண்டவள்போல. பிறகு கோட்டு பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே போய்த் தன் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டாள். மறுநாளும் அப்படியே. திட்டியிருந்தால் ஓரிசியா பதிலுக்குத் திட்டியிருப்பாள். பேசாமல் இருப்பவளோடு எப்படிச் சண்டை போடுவது? பத்து நாள் இரண்டு காபி வாங்கி இரண்டையும் தானே குடித்தாள். பதினோராவது நாள் ஒன்று மட்டும் வாங்கினாள். அன்றைக்குத்தான் கண் கலங்கியது.

அவளுக்கு உண்மை தெரிந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. அப்பா எந்தக் கம்பெனியில் இருந்தார், எந்த ஊருக்குள் நுழைந்தார், அந்தக் கையால் என்ன செய்தார்? மோசமானதே வந்தாலும் வரட்டும். போர்க்காலத்துப் பெயர்ப் பதிவுகளை வைத்திருக்கும் ஜெர்மன் ஆவணக் காப்பகம் ஒன்றுக்கு அப்பாவின் பெயர், பிறந்த தேதி, பிறந்த கிராமம் எல்லாம் எழுதி அனுப்பினாள்.

ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. மூன்று தாள்கள். முதல் தாளில் ஒரு வேலை அட்டையின் நகல். மூலையில் புகைப்படம். பதினேழு வயசுப் பையன், கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு, காது மட்டும் பெரிதாக. ஒமெலியன் டெம்கிவ். மே மாதம் 1942 முதல் மே மாதம் 1945 வரை ஆஸ்திரியாவில் ஒரு பண்ணை. கூலி ஆள். வேலை: பன்றிக் கொட்டில். இரண்டாவது தாளில் அகதி முகாம். மூன்றாவதில் மரம் வெட்டும் ஒப்பந்தத்தில் கனடாவுக்குக் கப்பல், 1948.

ஓரிசியா தேதிகளை விரல்விட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள். அந்த மூன்று வருடத்துக்குள் ஒரு சண்டையையும் நுழைக்க இடமில்லை. அப்பா அந்த டிவிஷனில் ஒருநாள்கூட இருந்ததில்லை.

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பன்றி! அப்புறம் அந்தக் கழுத்து எலும்பைப் பார்த்துச் சமையலறை மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பதினேழு வயதில் ஜெர்மன்காரர்கள் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா இந்த மனுஷன்?

இருபத்துமூன்று பேரில் உயிரோடு இருந்தவர் ஸெனோன் மட்டும். தொண்ணூற்றெட்டு வயது. பாடகர் குழுவில் கீழ் ஸ்தாயி. முதியோர் இல்லத்தில் ஜன்னலோரக் கட்டில் கிடைக்காததற்கு இன்னும் வழக்குப் பேசிக்கொண்டிருந்தார். ஓரிசியா தாளை அவர் மடியில் வைத்தாள். பூதக்கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தார்.

"எவ்வளவு காது பாரு இவனுக்கு," என்றார்.

"மாமா, உங்களுக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும் கண்ணு. நாங்க இங்கிலாந்துல கைதியா இருந்துட்டு வந்து பாட்டுக் குழு ஆரம்பிச்ச சமயம். அம்பத்திரண்டாம் வருஷம். பழைய வீரன் மட்டும்தான் சேரலாம்னு சட்டம். உங்கப்பன் காட்டுல மரம் வெட்டிட்டு வந்து வாசல்ல நின்னான். எந்தப் பட்டாலியன்னு கேட்டாங்க. மூணாவதுன்னான். நான் மூணாவதுல இருந்தவன். தலைவன் பேரு என்னன்னு கேட்டோம். யார் பேரையோ சொன்னான். அப்படி ஒருத்தன் உலகத்துலயே கிடையாது."

"அப்புறம்?"

"அப்புறம் பாடச் சொன்னோம்."

ஸெனோன் கண்ணாடியைக் கீழே வைத்தார். "மேல் ஸ்தாயிக்கு எங்ககிட்ட ஒரே ஆள். அவனுக்கும் முன்பல்லு கெடையாது, பாடினா விசில் வரும். உங்கப்பன் பாடினதும் எல்லாரும் என் மொகத்தப் பாத்தாங்க. 'ஆமா, இவனை நான் பட்டாலியன்ல பாத்திருக்கேன்'னு சொல்லிட்டேன். நாலு வருஷம் காட்டுல இருந்தவன், நம்ம பாஷையில பாடறதுக்கு ஊர்ல வேற எடம் இல்ல. ஒரு பொய். அவன் பாதி சொன்னான், நான் பாதி சொன்னேன்."

"சரி, பாடிட்டுப் போகட்டும். கல்லுல எதுக்கு ஏத்தினீங்க?"

கிழவர் போர்வையின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "சங்கத்துப் பட்டியலை அப்படியே கல்லுல வெட்டிட்டாங்க. அவன் வந்து கேட்டான். 'ஸெனோன், என் பேரை எடுத்துடச் சொல்லு, எனக்குத் தூக்கம் வரல'ன்னான். எடுத்தா ஏன்னு கேப்பாங்க. நானும் பொய்யனாயிடுவேன். விடுடான்னு சொல்லிட்டேன். அதுக்கு நான்தான் காரணம்."

ஓரிசியா கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஆனால் எழவில்லை. "மாமா, நீங்க என்ன செஞ்சீங்க அங்க?"

"குதிரை வண்டி ஓட்டினேன்."

தாழ்வாரத்தில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். சத்தம் அடங்கிய பிறகு ஸெனோன் சொன்னார்: "கேட்டுப்பாரு, எங்கள்ல எல்லாருமே குதிரைதான் ஓட்டினோம். அத்தனை குதிரை அந்த டிவிஷன்ல இருந்திருக்காது கண்ணு."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஓரிசியா போர்வையை இழுத்து அவர் தோள்வரை மூடிவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் சர்ச் நிலவறையில் பெரோகி மடிப்பார்கள். சர்ச் கமிட்டித் தலைவர் நெஸ்டரும் ஓரிசியாவும் ஒரே மேஜை. அவளைவிட எட்டு வயது சின்னவர், பிளம்பர் வேலை. அவருடைய அப்பாவின் பெயரும் கல்லில் இருந்தது, பன்னிரண்டாவதாக. மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு அவள் தாளைக் காட்டினாள். நெஸ்டர் படிக்கப் படிக்க அவர் காது சிவந்தது.

"ரொம்ப சந்தோஷம்க்கா. உங்கப்பா தப்பிச்சுட்டார்."

"அப்படிச் சொல்லாத நெஸ்டர். பேரை மட்டும் எடுத்துடலாம்னுதான்..."

"உங்க துணியை மட்டும் வெளுத்துக்கிட்டுப் போயிடுவீங்க. எங்க துணி சேத்துலயே கெடக்கட்டும், அப்படித்தானே? எங்கப்பா என்னை ஒரு அடி அடிச்சதில்லக்கா. வீட்டுக்குள்ள குருவி வந்துட்டா வேலைக்கு லீவு போட்டுட்டு அதை வெளிய விட்டவர். அவரை நாஜிங்கிறான் பத்திரிகைக்காரன். என் பேத்தி ஸ்கூல்லேருந்து வந்து கேக்குது. எனக்கு இந்த மாதிரி ஒரு தாள் எங்கேருந்து வரும்?"

மாவுருண்டையை எடுத்துத் தேவைக்குமேல் அழுத்தித் தேய்த்தார். ஓரிசியா தாளை மடித்து அப்ரன் பையில் வைத்தாள். நெஸ்டர் சொன்னதில் தப்பு இருந்ததாக அவளுக்குப் படவில்லை.

சனிக்கிழமை அந்தத் தாளோடு போகுஷா வீட்டு மணியை அடித்தாள். மனசுக்குள் வசனமெல்லாம் தயார். இதோ பார், எங்கப்பா இல்லை, பன்றி மேய்த்தவர், இனி காபி குடிக்கலாம். போகுஷா கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை, ஆனால் கதவைவிட்டு நகர்ந்து வழிவிட்டாள்.

ஓரிசியா கைப்பையைத் திறப்பதற்குள் போகுஷா பேச ஆரம்பித்தாள்.

"உங்கப்பா என்ன செஞ்சார்னு எனக்குத் தெரியவேணாம். அவர் செத்துட்டார். நீ செய்யறதுதான் எனக்கு ஆத்திரம். வருஷா வருஷம் நவம்பர்ல அங்க மாலை வெச்சுட்டு, திங்கக்கிழமை வந்து எங்கூட காபி குடிப்ப. கல்லறைத் தோட்டம் தாண்டிப் போற பதினாலாம் ரூட்டை நான் உனக்கு மாத்திக் குடுத்தேனே, ஞாபகம் இருக்கா?"

"திருப்பத்துல பனி வழுக்குதுன்னு சொன்ன."

"நான் பனிக்குப் பயந்து பாத்திருக்கியா நீ?"

ஓரிசியா பதினோரு வருடமாகப் பதினாலாம் ரூட்டில் ஓட்டுகிறாள். ஒருநாளும் அவளுக்கு இது தோன்றவில்லை.

கைப்பையை மூடித் தரையில் வைத்தாள். "சொல்லு," என்றாள்.

போகுஷா சொன்னாள். அம்மாவின் கிராமம். நாற்பத்துநான்காம் வருடம், பனிக்காலத்தின் கடைசி. ஜெர்மன் சீருடை போட்டவர்கள் வந்தார்கள்; தங்களுக்குள் உக்ரேனியத்தில் பேசிக்கொண்டார்கள் என்று அம்மா சாகும்வரை சொன்னாள். எந்தப் படை, என்ன நம்பர் என்றெல்லாம் பத்து வயசுப் பெண்ணுக்குத் தெரியுமா? அவள் கிணற்றடியில் ஒளிந்துகொண்டாள். அவளுடைய அக்காவை வைக்கோல் கொட்டகைக்குள் கொண்டுபோனார்கள். கொட்டகைக்குத் தீ வைத்தார்கள். அக்காவுக்குப் பதினாறு வயது. பெயர் கெனோவெஃபா. தலையில் எப்போதும் இரண்டு பின்னல். வீட்டில் புகைப்படம் ஒன்றுகூட இல்லை, பின்னல் மட்டும்தான் அம்மாவுக்கு ஞாபகம்.

சொல்லி முடித்தபோது ஜன்னலில் வெயில் நகர்ந்திருந்தது. ஓரிசியா அவள் கையைப் பிடிக்கத் தயங்கி, பிறகு பிடித்தாள். போகுஷா இழுத்துக்கொள்ளவில்லை.

"இருபத்திரண்டு வருஷத்துல நான் ஒரு தடவைகூட கேக்கலையே," என்றாள் ஓரிசியா.

"பெரோகி பத்தியே பேசிட்டிருந்தோம்."

வெகுநேரம் கழித்து, "அந்தப் பையில என்னமோ கொண்டுவந்தியே?" என்று போகுஷாதான் கேட்டாள். தாளைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். தேதிகளை அவளும் விரல்விட்டு எண்ணினாள்.

"அடப்பாவி மனுஷா," என்றாள் மெதுவாக. "பொய் சொல்றதுன்னு ஆச்சு. டாக்டர்னு சொல்லியிருக்கலாம், மாலுமின்னு சொல்லியிருக்கலாம். போயும் போயும் இதையா சொல்லுவான் ஒருத்தன்?"

"பாடறதுக்காகச் சொன்னாராம்."

போகுஷாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஓரிசியாவும் சிரித்தாள். இருவரும் மூக்கைச் சிந்திக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்து மறுபடி சிரித்தார்கள். யார் எப்போது அழ ஆரம்பித்தார்கள் என்று இருவருக்கும் தெரியவில்லை.

மார்ச் கடைசி ஞாயிறு சர்ச் மண்டபத்தில் கூட்டம். நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். இரண்டு வருடம் முன்பு கீவிலிருந்து குழந்தையோடு வந்த ஓர் இளம் பெண் எழுந்து, "என் வீட்டுக்காரர் இப்ப போர்முனையில இருக்கார். எங்க எல்லாரையும் நாஜின்னு சொல்லித்தான் ரஷ்யாக்காரன் சண்டை போடறான். இந்தக் கல்லு டிவியில வர்றப்பல்லாம் அது அவர் தலையிலதான் விழுது," என்று சொல்லி உட்கார்ந்தாள். யாரோ ஒருவர், நீங்கள் நேற்று வந்தவர்கள் என்று முணுமுணுத்தார்.

ஓரிசியாவுக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. பிள்ளைகளை உட்காரச் சொல்லும் குரல்தான் உண்டு. அந்தக் குரலிலேயே பேசினாள்.

"எங்கப்பா பேரு அந்தக் கல்லுல பொய்யா ஏறினது. அவர் பண்ணைக் கூலி. என்கிட்ட தாள் இருக்கு. ஆனா அவர் பேரை மட்டும் எடுங்கன்னு நான் கேக்கல. நாப்பத்தஞ்சு வருஷம் அந்த பேட்ஜைக் குத்திக்கிட்டு அவரும் நின்னார், நானும் பக்கத்துல நின்னேன். மத்தவங்க என்ன செஞ்சாங்கன்னு எனக்குத் தெரியாது. நெஸ்டரோட அப்பா நல்லவர், நான் அவர் வீட்டுல சாப்பிட்டிருக்கேன். ஆனா தெரியாததுக்கு மாலை போட முடியாது. இந்த ஊர்ல ஒருத்தி அந்த வழியா போகமுடியாம பதினோரு வருஷமா சுத்திப் போறா. கல்லை எடுத்துடலாம். அவங்கவங்க அப்பாவுக்கு அவங்கவங்க சமாதி இருக்கு, அங்க பூ வெச்சுக்கலாம்."

நாற்பத்தொன்றுக்கு முப்பத்தெட்டு. கல்லை எடுப்பதென்று முடிவாயிற்று. நெஸ்டர் எந்தப் பக்கம் கை தூக்கினார் என்று ஓரிசியா திரும்பிப் பார்க்கவில்லை. மே மாதம் பனி உருகித் தரை இறுகியதும் கிரேன் வந்தது. கல்லைச் சர்ச் பின்பக்கத்துக் கொட்டகையில் துணி போட்டு மூடி வைத்தார்கள். இருந்த இடத்தில் புல் விதைத்தார்கள். முதல் வருடம் சரியாக முளைக்கவில்லை.

எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சங்கத்து ஆட்களில் இரண்டு குடும்பத்தினர் வேறு சர்ச்சுக்குப் போய்விட்டார்கள். ஒருவர் ஓரிசியாவின் தபால்பெட்டியில் 'துரோகி' என்று எழுதிப் போட்டார். எழுத்தைப் பார்த்ததும் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவருடைய பேரன் அவள் பஸ்ஸில்தான் வருகிறான். அவனை வழக்கம்போலவே ஏற்றி இறக்கினாள். நெஸ்டர் வெள்ளிக்கிழமைகளில் மேஜையின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார். செப்டம்பரில் ஒருநாள் அவள் பக்கம் மாவு தீர்ந்தபோது, எழுந்து வந்து தன் மாவில் பாதியைப் பிய்த்து வைத்துவிட்டுப் போனார்.

ஸெனோன் நவம்பரில் இறந்தார். அடக்கத்தன்று உறைமழை பெய்து ரோடெல்லாம் கண்ணாடியாக இருந்தது. காலை ஒன்பது மணிக்கு ஓரிசியா வாசலில் போகுஷாவின் கார் வந்து நின்றது.

"ஏறு. உன் கார் டயரை நம்பி உன்னை அனுப்ப முடியாது."

"யாரோட அடக்கம்னு தெரியும்ல?"

"தெரியும். ஏறுடி, குளிரு."

சர்ச் வாசலில் போகுஷா எஞ்சினை அணைக்கவில்லை. "நான் உள்ள வரமாட்டேன்," என்றாள். "வரச் சொல்லல," என்றாள் ஓரிசியா. உள்ளே பதினொரு பேர். பாட ஆள் இல்லை. பாதிரியாரும் நெஸ்டரும் இழுத்துப் பிடித்துப் பாடினார்கள். மேல் ஸ்தாயி வருகிற இடங்களில் யாரும் பாடவில்லை. குதிரைகளைப் பற்றி ஓரிசியா யாரிடமும் சொல்லவில்லை. மெழுகுவர்த்தி ஒன்றைக் கொளுத்திவைத்துவிட்டு, கிழவரின் நெற்றியைத் தொட்டுவிட்டு வந்தாள்.

வெளியே கார் கண்ணாடியில் ஐஸ் படிந்திருந்தது. போகுஷா இறங்கி நின்று அதைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டியா ஏதாவது?" என்று கேட்டாள்.

"இல்ல."

"சரி, வீட்டுக்குப் போலாம். சூப் வெச்சிருக்கேன்," என்று சொல்லி, ஓரிசியா ஏறுவதற்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.